உறைக்குள் இருந்த விளையாட்டு

சுற்றறிக்கை ஒரு திங்கட்கிழமை வந்தது. சைக்ளோஸ்டைல் செய்த ஒற்றைத் தாள். என் மகள் ஞானசௌந்தரி அதை நான்காக மடித்து, டிபன் பாக்ஸ் மூடிக்குள் வைத்துக் கொண்டுவந்தாள். எலுமிச்சை சாதத்தின் மஞ்சள் ஓரமெல்லாம் ஏறியிருந்தது.

"அன்புள்ள பெற்றோர்களுக்கு, நமது பள்ளிப் பிள்ளைகளிடையே உயிருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய ஒரு விளையாட்டு பரவி வருவதாகத் தகவல் கிடைத்துள்ளது. அதன் பெயரை வெளியிட்டால் அது மேலும் பரவும் என்று பெற்றோர் குழு கருதுவதால் இங்கே குறிப்பிடப்படவில்லை. பெற்றோர் தங்கள் பிள்ளைகளுடன் மேற்படி விளையாட்டைப் பற்றி மனம் திறந்து பேசி, இணைத்துள்ள படிவத்தைப் பூர்த்தி செய்து, தாய் தந்தை இருவரும் கையொப்பமிட்டு வெள்ளிக்கிழமைக்குள் சேர்ப்பிக்க வேண்டியது. பேசும்போது விளையாட்டின் பெயரைக் குறிப்பிடலாகாது."

மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் 'உயிருக்கு' என்ற சொல்லில் நின்றுவிட்டேன்.

படிவத்தில் ஐந்து கட்டங்கள். பேசிய நாள். பேசிய நேரம், இருபது நிமிடத்துக்குக் குறையாமல். பேசியவர். பிள்ளையின் பதில். கடைசிக் கட்டம்: பெற்றோருக்கு ஏற்பட்ட திருப்தி. அதில் இரண்டு சொற்கள் அச்சாகியிருந்தன: மிகுதி, போதுமானது. ஒன்றைச் சுழிக்க வேண்டும்.

நாங்கள் சேலையூரில் இருந்தோம். பள்ளிக்கூடம் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், மேற்குத் தாம்பரத்தில். என் மனைவி ஜெயசீலி இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மஞ்சள் காமாலை. பதினோரு நாள். அப்போது சௌந்தரிக்கு ஏழு வயது. அவள் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டாள். அம்மா எங்கே? அம்மாவின் டிரங்குப் பெட்டிச் சாவி எங்கே? அம்மா கர்த்தரிடம் இருக்கிறாள், சாவி கிணற்றில் விழுந்துவிட்டது என்றேன். இரண்டாவது பதில் பொய். முதல் பதிலைப் பற்றி எனக்குத் தெரியாது. சாவி என் ஆபீஸ் பையின் உள்ளறையில் இருந்தது. அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்க என்னால் முடியாது. அதை ஒரு குழந்தையிடம் சொல்லவும் முடியாது.

அதற்குப் பிறகு நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. "சாப்பிட்டியா", "ஹோம் ஒர்க் முடிஞ்சுதா", "விளக்கை அணை." ஒரு நாளைக்கு இரண்டு நிமிடம் வந்தால் அதிகம். பள்ளிக்கூடம் இருபது கேட்டது.

அன்று சாப்பிடும்போது ஆரம்பித்தேன்.

"சௌந்தரி, ஸ்கூல்ல என்ன விளையாடறீங்க?"

"பாண்டி."

"வேற?"

"கல்லா மண்ணா."

"ஆபத்தா ஏதாவது?"

"ஆபத்தான்னா?"

சொல்லத் தெரியவில்லை. "மரத்து மேல ஏறுறது, கிணத்துல எட்டிப் பார்க்கிறது..."

கிணறு என்றதும் நிமிர்ந்தாள். "கிணத்துல விழுந்த இரும்பு துருப்பிடிச்சுப் போயிருமாப்பா? ரெண்டு வருஷத்துல?"

"ஏன் கேட்கிற?"

"சும்மா."

கைகழுவ எழுந்துவிட்டாள். நான் மறுநாள் காலை கிணற்றுக்குத் தகரம் போட்டு மூடி, மேலே அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தேன். படிவத்தில் 'மூன்று நிமிடம்' என்று எழுதினேன். தாயின் கையொப்பம் இருக்க வேண்டிய இடத்தைக் காலியாக விட்டேன்.

படிவம் திரும்பி வந்தது. நேரில் வரும்படிக் குறிப்பு.

தலைமையாசிரியை ரத்தினபாய் அம்மையார் படிவத்தை மூக்குக்கண்ணாடிக்கு அருகில் தூக்கிப் பார்த்தார்.

"மிஸ்டர் தேவானந்தம், மிசஸ் கையெழுத்து இல்லையே."

"அவங்க இறந்துட்டாங்க, மேடம்."

"எனக்குத் தெரியாதா? கல்லறையில ஜெபம் பண்ணினதே நான்தானே. ஆனா படிவத்துக்குத் தெரியாதே."

"என்ன செய்யணும்?"

"அதுக்கு 'படிவம் ஆ'ன்னு தனியா ஒண்ணு இருக்கு. தாய்க்குப் பதிலா தாய் ஸ்தானத்துல இருக்கிற ஒருத்தர் கையெழுத்துப் போடலாம்."

"அப்படி யாரும் இல்லை."

"அதைத்தான் ஒருத்தர் எழுதித் தரணும். பக்கத்து வீட்டுப் பெண்மணி யாராவது இருந்தா, 'நான் இந்தப் பிள்ளைக்குத் தாய் ஸ்தானத்தில் இல்லை'ன்னு எழுதி, தாய் இடத்துல கையெழுத்துப் போடட்டும்."

பக்கத்து வீட்டு மெட்டில்டா அக்கா நல்லவர். நான் ஆபீஸிலிருந்து வரும்வரை சௌந்தரியைப் பார்த்துக்கொள்பவர். எழுதிக் கொடுத்தார். கொடுக்கும்போது, "தம்பி, பிள்ளை தினமும் அஞ்சரைக்குத்தான் வர்றா. ஸ்பெஷல் கிளாஸ்னு சொல்றா. நாலாம் கிளாஸுக்கு என்ன ஸ்பெஷல் கிளாஸு?" என்றார்.

அதை அம்மையாரிடம் கேட்டேன். ஸ்பெஷல் கிளாஸ் எதுவும் இல்லை என்றார்.

"அப்போ அவ எங்க போறா? மேடம், அந்த விளையாட்டு என்ன?"

அம்மையார் கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"எனக்கே தெரியாது. பெற்றோர் குழு செக்ரெட்டரிகிட்ட உறையில இருக்கு. சனிக்கிழமை மீட்டிங்குக்கு வாங்க."

அன்று மாலை சௌந்தரியிடம் கேட்டேன். "ஸ்பெஷல் கிளாஸ்" என்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் என் முகம் இருந்தது, சாவி கிணற்றில் விழுந்தது என்று சொன்ன நாளில் இருந்த முகம். மேற்கொண்டு கேட்கத் துணிவு வரவில்லை.

சனிக்கிழமை நான்கு மணிக்குப் பள்ளி ஹாலில் கூட்டம். கூட்ட அறிவிப்பில் 'பெற்றோர்-பிள்ளை' என்று இருந்ததால் பிள்ளைகளையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் முன்னால் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் பின்னால் பெஞ்சில்.

பெற்றோர் குழுச் செயலாளர் யக்ஞநாராயணன் எழுந்தார். ஓய்வுபெற்ற செக்ஷன் ஆபீசர். அவர் பேரன் இங்கே இரண்டாம் வகுப்பு படித்தான்.

"நான் முப்பத்திரண்டு வருஷம் சர்க்கார்ல இருந்தவன். என் கைக்கு வந்த ரகசியக் காகிதம் ஒண்ணு கூட வெளியில போனதில்லை. பலது எனக்கே தெரியாது. ஆறு வாரத்துக்கு முன்னால பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடுதாசி வந்தது. மேலே அவசரம்னு எழுதியிருந்தது. முதல் வரியைப் படிச்சேன். 'உங்க புள்ளைங்க உசிருக்கு ஆபத்து'ன்னு இருந்தது. உடனே மூடிட்டேன்."

நான் எழுந்து நின்றேன். "மிச்சத்தைப் படிக்கலையா சார்?"

"எப்படிப் படிப்பேன்? படிச்சா நான் சாட்சி ஆயிடுவேன். செக்ரெட்டரி சாட்சியா இருக்கப்படாது. வேற உறையில போட்டு, அரக்கு வெச்சு, பீரோவில பூட்டியிருக்கேன். ஆறு வாரமா அந்த உறைமேல ஒரு கீறல் விழலை. இதைவிடப் பாதுகாப்பு ஒரு குழந்தைக்கு யார் தர முடியும்?"

முன்வரிசையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். பின்வரிசையும் தட்டியது.

"கடுதாசி யார் குடுத்தது?" என்று கேட்டேன்.

"அது உள்ளே இருக்கும்."

பிறகு பெற்றோர் ஊகிக்கத் தொடங்கினார்கள். பயந்தவர்களால் சும்மா இருக்க முடியாது.

"மாஞ்சா நூலா சார்?" என்றார் ஒருவர்.

"நோ கமெண்ட்ஸ்" என்று சொல்லிக் குறித்துக்கொண்டார் செயலாளர்.

"ஓடுற பஸ்ல ஏணியைப் பிடிச்சுத் தொங்குறதா?"

"கோலிக்குண்டை முழுங்கறதா?"

"தண்ணி டேங்க் மேல ஏறி நடக்கிறதா?"

"பள்ளிக்கரணை ஏரியில தண்ணிப்பாம்பு புடிக்கிறதா?"

ஒவ்வொன்றுக்கும் பாயில் இருந்த நூற்றைம்பது தலைகள் பேசியவர் பக்கம் திரும்பின. ஒரு பையன் மடியில் நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தான். பத்தொன்பது விளையாட்டுகள் சேர்ந்தன. தீர்மானத்தில் ஏற்றுவதற்காகச் செயலாளர் அவற்றை மறுபடி வரிசையாக, உரக்க வாசித்தார். பையன் விட்டுப்போனதைச் சேர்த்துக்கொண்டான். சௌந்தரி எதற்கும் திரும்பவில்லை. அவள் ஜன்னல் வழியே ரயில் பாதைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிவில் மாதிரி உரையாடல் நடந்தது. செயலாளர் தந்தை. ரத்தினபாய் அம்மையார் பிள்ளை.

"மகளே, நீ மேற்படி விளையாட்டில் ஈடுபடுகிறாயா?"

"இல்லை தந்தையே. மேற்படி விளையாட்டு இன்னதென்றே நான் அறியேன்."

"நன்று."

செயலாளர் எங்கள் பக்கம் திரும்பினார். "பாத்தேளா? இவ்வளவுதான். இதுக்கு ஏன் சில பேர் மூணு நிமிஷத்துல முடிச்சுடறா?"

என்னைப் பார்க்கவில்லை. ஆனால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அடுத்த வாரம் ஒரு பையன் டேங்க் ஏணியில் பாதியில் மாட்டிக்கொண்டான். இன்னொருவனுக்கு மாஞ்சா கையை அறுத்தது. கோலிக்குண்டு விழுங்கிய மூன்று பேருக்கு வாழைப்பழம் கொடுத்தார்கள். பிள்ளைகளிடம் விழிப்புணர்ச்சி பெருகியிருப்பதாகக் குழு பதிவு செய்தது. என் மூன்று நிமிடம் செல்லாது என்று கடிதம் வந்தது. வியாழக்கிழமை நாலரை மணிக்குப் பள்ளியில், செயலாளர் முன்னிலையில், நானும் பிள்ளையும் மீண்டும் பேச வேண்டும்.

ஆபீஸில் பர்மிஷன் போட்டுவிட்டு வந்தேன். அறையில் ஒரு மேஜை, எதிரெதிராக இரண்டு நாற்காலி. செயலாளர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்திருந்தார். என் எதிர் நாற்காலி காலி.

"சௌந்தரி எங்கே?"

"மணி அடிச்சதும் போயிட்டாளாம். நோட்டீஸ் உங்களுக்குத்தான் குடுத்தது, குழந்தைக்குக் குடுக்கலை. பரவாயில்லை, ஆரம்பிங்கோ."

"யாரோட?"

"நாற்காலி இருக்கே. உங்க பாகத்தை நீங்க பேசிடுங்கோ. குழந்தை பாகத்தை அப்புறம் வாங்கிக்கலாம். நேரம் ஓடிண்டிருக்கு."

நான் நாற்காலியைப் பார்த்தேன். சின்னப் பிள்ளைகளுக்கான நாற்காலி. முதுகுப் பலகையில் யாரோ காம்பஸ் முனையால் ஒரு ரயில் எஞ்சின் கீறியிருந்தார்கள்.

இரண்டு வருஷமாகக் காலியாக இருக்கும் இடங்களுடன்தான் நான் பேசி வந்திருக்கிறேன். சத்தமாகப் பேசியதில்லை.

"எங்கம்மா போனே?" என்றேன்.

செயலாளர் எழுதிக்கொண்டார். "ஒரு நிமிஷம் ஆச்சு. மேலே."

வராந்தாவில் பெருக்குமாற்றுடன் நின்ற ஒரு சிறுமி எட்டிப் பார்த்தாள். "சௌந்தரி கேட்டுக்குப் போயிட்டா சார். தெனம் போவா."

"எந்த கேட்?"

"ரயில்வே கேட். ஆணி வைக்க."

நான் எழுந்தேன்.

"மிஸ்டர் தேவானந்தம்! உக்காருங்கோ. அந்தப் பொண்ணு விளையாட்டுப் பேரைச் சொல்லிடுத்து! அதைப் பதிவுலேருந்து நீக்கணும். நீங்க கேக்கலைன்னு எழுதிக்கறேன்..."

ஓடினேன். பள்ளியிலிருந்து கேட் அரை மைல். ஆஸ்பத்திரியில் அந்தப் பதினோராம் நாள் மருந்துக் கடைக்கு ஓடியது போல ஓடினேன். அன்று நேரத்துக்கு வரவில்லை.

கேட் சாத்தியிருந்தது. கேட்மேன் பொன்னுசாமி பச்சைக் கொடியோடு நின்றான். தினமும் அவனைக் கடந்துதான் ஸ்டேஷனுக்குப் போகிறேன். ஒரு நாளும் பேசியதில்லை.

"இன்னா சார், இப்பதான் வர்றியா? ஆறு வாரமா லெட்டர் குடுத்துட்டு குந்திகினுகீறேன். ஒரு நாதி வந்து இன்னான்னு கேட்டுதா?"

"லெட்டர் நீயா குடுத்தே?"

"ஆமா. டீக்கடைல காலேஜ் புள்ளைய வச்சி எழுதிக் குடுத்தேன். தண்டவாளத்துல ஆணி வைக்கிதுங்கோ சார். கரண்டு வண்டி ஏறுனா காந்தம் ஆயிடுமாம். எவனோ கெளப்பி உட்டான். நான் இந்தாண்ட தொரத்துனா அந்தாண்ட ஓடுதுங்கோ. நான் கேட்டைப் பாக்கிறதா, புள்ளைங்களைப் பாக்கிறதா? அதோ, கிட்டக்க நிக்குது பாரு ஒரு பொண்ணு. அதுக்கு பயமே இல்ல சார். கண்ணைக்கூட மூடாது."

பாதைக்கு அந்தப் பக்கம், கேட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி, சரளைக் கற்கள்மேல் ஐந்தாறு பிள்ளைகள். எல்லோரும் சற்றுத் தள்ளி நின்றார்கள். ஒருத்தி மட்டும் தண்டவாளத்தின் அருகில் குந்தியிருந்தாள். நீலப் பாவாடை.

கூப்பிட்டேன். அதற்குள் வண்டி வந்துவிட்டது.

வண்டி போகும் நேரத்தை என்னால் சொல்ல முடியாது. படிவத்தில் கேட்டாலும் சொல்ல முடியாது. பெட்டிகளுக்கு நடுவே இருந்த இடைவெளிகளில் ஒரு நொடி நீலம் தெரிந்தது. அடுத்த இடைவெளியில் தெரியவில்லை. அதற்கடுத்ததில் தெரிந்ததா என்று தெரியவில்லை. கேட் கம்பியைப் பிடித்திருந்தேன். பொன்னுசாமி என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்திருந்தான். பிடித்திருக்காவிட்டால் என்ன செய்திருப்பேன் என்று இன்றும் யோசிக்கிறேன்.

வண்டி போயிற்று. அவள் குந்திய இடத்திலேயே இருந்தாள். எதையோ பொறுக்கி, சுட்ட கையை உதறிக்கொண்டாள்.

நான் பாதையைத் தாண்டி வருவதைக் கண்டு மற்றப் பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். அவள் ஓடவில்லை. அடிக்கப்போகிறேன் என்று நினைத்துக் கன்னத்தைக் கையால் மறைத்துக்கொண்டாள். நான் அவள் முன்னால் உட்கார்ந்தேன்.

"என்னதும்மா இது?"

கையை விரித்தாள். தகடாய் நசுங்கிய ஓர் ஆணி.

"காந்தம்ப்பா. சின்ன வண்டி ஏறினா கொஞ்சமாத்தான் ஏறுமாம். இன்னிக்குப் பெரிய வண்டி. கிட்ட இருந்து கண்ணை மூடாம பார்த்தாத்தான் ஏறும்."

"காந்தம் எதுக்கு?"

சொல்லலாமா என்று என்னைப் பார்த்தாள்.

"கயித்துல கட்டிக் கிணத்துல விடறதுக்கு. சாவி ஒட்டிக்கும்ல."

நான் ஆணியைப் பார்த்தேன்.

"வீட்டுல பதினாலு ஆணி வெச்சிருக்கேம்ப்பா. எல்லாத்தையும் சேர்த்துக் கட்டினா பலமா இழுக்கும். நீதான் கிணத்து மேல கல்லை வெச்சுட்ட."

பதினாலு. நான் பி.எஸ்ஸி. இயற்பியல். ரயில் ஏறினால் ஆணி நசுங்கும், வேறொன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கும்படி நானும் இருக்கவில்லை. ஆறு வாரம் பீரோவில் பூட்டி வைத்த மனிதரைப் பார்த்து மனசுக்குள் சிரித்திருந்தேன். நான் பூட்டி வைத்தது இரண்டு வருஷம்.

ஆபீஸ் பையைத் திறந்தேன். உள்ளறையிலிருந்து சாவியை எடுத்து ஆணியின் பக்கத்தில், அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

அவள் நசுங்கிய ஆணியை எடுத்துச் சாவியைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஒட்டலைப்பா."

"அது பித்தளைம்மா. காந்தத்துக்கு ஒட்டாது."

"அப்போ கிணத்துல இருந்திருந்தா வந்தே இருக்காதா?"

"வந்திருக்காது."

சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கிணத்துல விழவே இல்லையாப்பா?"

"இல்லை. பொய் சொன்னேன்."

"ஏன்?"

"திறக்க எனக்குப் பயமா இருந்தது."

கேட் திறந்து, சைக்கிள்களும் ஒரு மாட்டுவண்டியும் எங்களைக் கடந்து போயின. பொன்னுசாமி தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டில் பெட்டியைத் திறந்தோம். பூட்டு துருப்பிடித்திருக்கவில்லை, சாவி சுலபமாகத் திரும்பியது. நாலு புடவை, ஒரு பாட்டுப் புத்தகம், பொத்தான்கள் போட்ட ஒரு பவுடர் டப்பா. மேலாகப் பாதி தைத்த ஒரு கவுன். ஏழு வயது அளவு. கழுத்து மடிப்பில் நூலோடு ஊசி குத்தியபடியே இருந்தது. சௌந்தரி கவுனைத் தன் மேல் வைத்துப் பார்த்தாள். இடுப்புக்குச் சற்றுக் கீழே நின்றது. பிறகு ஆணியை ஊசிக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். ஊசி அசையவில்லை. இரண்டாம் முறையும் வைத்துப் பார்த்தாள். ஆணியை என்னிடம் கொடுத்தாள். உள்ளே போய் மற்றப் பதினாலையும் கொண்டுவந்து கொடுத்தாள்.

அன்று நிறையப் பேசினோம். அம்மா கடைசி நாளில் என்ன சொன்னாள் என்று கேட்டாள். எனக்குத் தெரியாது, நான் மருந்துக் கடையில் இருந்தேன் என்றேன். அதை யாரிடமும் சொன்னதில்லை.

படிவத்தைப் பூர்த்தி செய்தேன். பிள்ளையின் பதில் என்ற கட்டத்தில் விளையாட்டின் பெயர், இடம், வண்டி வரும் நேரம், கடிதம் எழுதியவர் யார் என்பது வரை எழுதினேன். எல்லாப் பெற்றோருக்கும் உடனே சொல்லுமாறு கேட்டுக்கொண்டேன். திருப்தி என்ற கட்டத்தில் இரண்டு சொற்களையும் அடித்தேன்.

மூன்று நாளில் பதில் வந்தது. விளையாட்டின் பெயரை வெளிப்படையாக எழுதியிருப்பதால் என் படிவம் மூடிய உறையில் வைக்கப்பட்டு, அரக்கிடப்பட்டு, முந்தைய உறையுடன் சேர்த்துப் பாதுகாக்கப்படுகிறது. பேசிய நேரம் குறிக்கப்படவில்லை. மிகுதி, போதுமானது இரண்டில் ஒன்றைச் சுழித்துப் புதிய படிவம் அனுப்பவும்.

காலையில் ஆபீஸ் வண்டிக்கு நிற்கும் தகப்பன்மார்களிடம் பிளாட்பாரத்திலேயே சொன்னேன். ஒருவருக்கு இரண்டு நிமிடம் ஆயிற்று. அந்த வாரம் முழுக்க மாலையில் பாதைக்கு இந்தப் பக்கம் பொன்னுசாமி, அந்தப் பக்கம் நான். இரண்டாம் நாள் இன்னொரு தகப்பனார் வந்தார். சனிக்கிழமை நாலு பேர் இருந்தோம். பக்கத்தில் சௌந்தரி நின்றாள்.

பெரிய வண்டி வந்தது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கடைசிப் பெட்டி போகும்வரை விடவில்லை.

"வலிக்குதுப்பா" என்றாள். "இன்னும் பயமா இருக்கா?"

"இருக்கு."

"எனக்கும் இப்பத்தான் பயமா இருக்கு" என்றாள்.

புதிய படிவம் மேஜையில் கிடக்கிறது. எங்கள் பயத்துக்கு அதில் கட்டம் இல்லை.